யானைக் காவல் கேமுக்கு ஆள் சேருமா?

கேள்வி: அண்ணா, கணினிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டிலிருந்தபடி ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறேன். காலபோக நெல் குடலைப் பருவத்தில் நிற்கிறது. காட்டோரத்துக் காவல் கொட்டிலில் ஒரு தகப்பனும் மகளும். விடியும்வரை யானை வயலுக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சுடுவது கிடையாது, புள்ளி கிடையாது, லெவல் கிடையாது. பெரும்பாலும் இருட்டுக்குள் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் விளையாட்டு. ஊரில் பொடியன்களிடம் காட்டினேன். பப்ஜியும் ஃப்ரீ ஃபயரும் விளையாடிப் பழகியவர்கள், "இதில் எப்ப சுடுறது?" என்றுதான் முதலில் கேட்டார்கள். கனடாவில் இருக்கும் மச்சாள், "பிளேஸ்டேசன், சுவிட்ச் எல்லாவற்றிலும் விடு, வாங்குவார்கள்" என்கிறாள். இப்படி வழக்கத்துக்கு மாறான கேமுக்குக் கொன்சோல்களில் ஆள் கிடைக்குமா? எந்தக் கொன்சோலை மனதில் வைத்து வேலை செய்வது? இலங்கையில் இருந்து பிளேஸ்டேசன் கணக்கே திறக்க முடியாதே, நான் அதில் எப்படி விற்பது?

— வாசகி, நெடுங்கேணி

பதில்: தங்கச்சி, ஆள் கிடைக்கும். ஒரே கொன்சோலில், வெளியிட்ட கிழமையிலேயே கிடைப்பார்கள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இப்படிப்பட்ட கேமை விரும்புகிறவர்கள் எந்த ஒரு கருவியிலும் கூட்டமாக இருப்பதில்லை. கணினியில் கொஞ்சப் பேர், சுவிட்சில் கொஞ்சப் பேர், பிளேஸ்டேசனிலும் எக்ஸ்பொக்ஸிலும் கொஞ்சப் பேர் என்று சிதறி இருக்கிறார்கள். பல கருவிகளில், பல ஆண்டுகளாகத்தான் அவர்களைச் சேர்க்க முடியும்.

நமக்கு மிகக் கிட்டிய உதாரணம் 'வெண்பா'. ரொறன்ரோவில் 'விசை கேம்ஸ்' என்ற சிறு குழு செய்தது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாய், அவள் கணவன் பாவலன், மகன் கவின். விளையாடுபவர் செய்வது சமையல். அவளுக்குத் தன் தாயிடமிருந்து வந்த சமையல் குறிப்பேடு பழுதாகி எழுத்துகள் அழிந்திருக்கும். அழிந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து இட்டலி அவிக்க வேண்டும், புட்டு அவிக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இதை ஒரு பெரிய நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் கொண்டுபோய்ச் சொல்லியிருந்தால் கேட்டு முடிக்கும் பொறுமைகூட அங்கே இருந்திருக்காது. ஆனால் 2023 ஜூலை 31ஆம் திகதி அது கணினி, சுவிட்ச், பிளேஸ்டேசன், எக்ஸ்பொக்ஸ் எல்லாவற்றிலும் ஒன்றாக வெளிவந்தது. எக்ஸ்பொக்ஸின் கேம் பாஸ் சந்தாவிலும் முதல் நாளே இருந்தது. அடுத்த ஆண்டு சுயாதீனக் கேம்களுக்கான ஐ.ஜி.எஃப் விழாவில் முதற்பரிசும், பஃப்டாவில் சிறந்த அறிமுகக் கேமுக்கான விருதும் பெற்றது. நீளம் போதாது என்று குறைப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அந்த அளவுதான் சரி என்று படுகிறது. இன்னும் இரண்டு மணி நேரம் இழுத்திருந்தால் அந்த அடுக்களை அலுத்திருக்கும்.

வெண்பாவில் தமிழ் பேசுகிறார்கள், தமிழ்ச் சாப்பாடு சமைக்கிறார்கள் என்பது பாதிதான். இட்டலித் தட்டை எந்த ஒழுங்கில் அடுக்குவது என்று விளையாடுபவரின் கை தேட வேண்டியிருக்கிறதே, மீதிப் பாதி அங்கே இருக்கிறது. இட்டலியைக் கண்ணால் காணாத ஒருவர் டென்மார்க்கில் இருந்துகொண்டு அந்தத் தட்டோடு மல்லுக்கட்டுகிறார். பேசப்படும் விடயம் புதிதாக இருந்து, கை செய்கிற வேலை பழையதாகவே இருக்கும் கேம்கள் ஏராளம். அவற்றை ஒருமுறை பாராட்டிவிட்டு உலகம் மறந்துவிடும். உங்கள் கேமில் கை என்ன செய்கிறது? "கேட்டுக்கொண்டிருக்கிறது" என்கிறீர்கள். அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். அதை விட்டுவிடாதீர்கள். பொடியன்கள் கேட்டார்கள் என்பதற்காகக் கடைசிக் கட்டத்தில் ஒரு துவக்கைக் கொண்டுவந்து வைக்கவேண்டாம்.

கை செய்கிற வேலை என்பதால்தான் கொன்சோல் முக்கியமாகிறது. 2004இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் பிளேஸ்டேசன் 2இல் 'கட்டமாரி டமாசி' என்ற கேமை வெளியிட்டது. சிற்பக்கலை படித்த கெய்ட்டா தக்காஹாஷி உருவாக்கியது. ஒட்டும் தன்மையுள்ள உருண்டையை உருட்டிக்கொண்டு போக வேண்டும். ஊசி, பென்சில், பூனை, மாடு, வீடு என்று அகப்பட்டதெல்லாம் ஒட்டி உருண்டை பெருக்கும். அமெரிக்காவில் புதிய கேம்கள் 50 டொலர் விற்ற காலத்தில் இதற்கு 20 டொலர்தான் விலை வைத்தார்கள். ஐரோப்பாவில் வெளியிடவே இல்லை. வாய்வழியாகப் பரவித்தான் அதற்கு ஆள் சேர்ந்தது. இரண்டு பெருவிரல்களாலும் கட்டுப்படுத்தியின் இரண்டு குச்சிகளையும் ஒன்றாக முன்னே தள்ளினால்தான் உருண்டை உருளும். பாரத்தை இரு கையாலும் தள்ளுகிற உணர்வு அதில் உண்டு. பின்னர் ஐபோனுக்கு வந்த பதிப்பில் கருவியைச் சாய்த்து உருட்டச் சொன்னார்கள், அந்த உணர்வு காணாமல் போனது. முதல் கேமைப் புதுப்பித்து 2018இல் சுவிட்சிலும் கணினியிலும், 2020இல் பிளேஸ்டேசன் 4, எக்ஸ்பொக்ஸ் வண்ணில் விட்டபோது இரண்டு குச்சிகளும் திரும்பின, ஆட்களும் திரும்பினார்கள். நடுவில் 14 ஆண்டுகள் போயிருந்தன.

உங்கள் கேமுக்கு இதை வைத்துப் பாருங்கள். காட்டுப் பக்கம் கிளை ஒடியும் சத்தம் வருகிறது. இடப்பக்கமா, வலப்பக்கமா, குளக்கட்டிலா? சுவிட்சை மடியில் வைத்து ஹெட்போன் போட்டு விளையாடுபவருக்கு அந்தத் திசை காதில் விழும். யானை அடி வைக்கும்போது இடக்கையில் மட்டும் மெல்லிய அதிர்வு கொடுக்கலாம். பிளேஸ்டேசன் 5இன் கட்டுப்படுத்தியில் அதை இன்னும் நுணுக்கமாகச் செய்யலாம். ஆனால் கணினியில் விசைப்பலகையோடு இருப்பவருக்கு அதிர்வே கிடையாது. வரவேற்பறையில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பவரின் வீட்டில் பின்னால் சின்னப் பிள்ளை அழுதுகொண்டிருக்கும். ஆகவே யானை வருவதை மூன்று வழியில் தெரியப்படுத்துங்கள்: ஒலி, அதிர்வு, கண்ணுக்குத் தெரியும் ஒரு சிறு மாற்றம். தவளைச் சத்தம் திடீரென்று நின்றுபோவது, நாய் தலையைத் தூக்குவது போன்றவை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். காது கேளாதவரும் விளையாட இது வழிவிடும். மூன்றில் ஒன்று போனாலும் கேம் நிற்க வேண்டும். அப்படிச் செய்துவைத்தால் எந்தக் கருவிக்கும் கொண்டுபோகலாம். ஒரு கொன்சோலின் தனித்தன்மைமேல் முழுக் கேமையும் கட்டினால் அந்தக் கொன்சோலோடு அதுவும் பழசாகிவிடும்.

சுடாத கேம், வெல்லாத கேம் விற்குமா என்ற பயத்துக்கு இரண்டு கேம்களைச் சொல்கிறேன். இரண்டும் வன்னி வாசகருக்கு நீண்ட விளக்கம் தேவைப்படாதவை.

முதலாவது 'பேப்பர்ஸ், பிளீஸ்'. லூகாஸ் போப் என்பவர் தனி ஒருவராக உருவாக்கி 2013இல் வெளியிட்டது. கற்பனை நாடொன்றின் எல்லைச் சாவடியில் நீங்கள் அதிகாரி. வரிசையில் வருபவரின் கடவுச்சீட்டைப் பார்க்க வேண்டும், பெயரும் திகதியும் படமும் ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும், விடுவதா மறிப்பதா என்று முத்திரை குத்த வேண்டும். அவ்வளவுதான். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்ற சனம் நாங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து விளையாடும்போது வயிறு என்ன செய்யும் என்று ஊகிக்கலாம். அது கணினியில் தொடங்கியது. 2014இல் ஐபாட், 2017இல் பிளேஸ்டேசன் வீற்றா, 2022இல் கைபேசி. பத்து ஆண்டுகளில் 50 இலட்சம் பிரதிகள் விற்றதாக 2023இல் போப் அறிவித்தார். கருவிகளின் பெயர்களையும் இடையில் போன ஆண்டுகளையும் சேர்த்துப் பாருங்கள், நான் முதலில் சொன்னது விளங்கும்.

மற்றது 'திஸ் வார் ஒஃப் மைன்'. போலந்தின் 11 பிட் ஸ்டூடியோஸ் 2014இல் வெளியிட்டது. சரயேவோ முற்றுகையை மனதில் வைத்து எழுதப்பட்டது. முற்றுகைக்குள் அகப்பட்ட நகரில், இடிந்த வீட்டில் ஒதுங்கிய பொதுமக்களைக் காப்பாற்ற வேண்டும். மருந்து யாருக்கு, சாப்பாடு யாருக்கு, இன்றிரவு யார் வெளியே போவது என்பதே ஆட்டம். முதலிட்ட காசு இரண்டு நாளில் திரும்பிவிட்டது. 2015இல் கைபேசிக்கும், 2016இல் பிளேஸ்டேசன் 4, எக்ஸ்பொக்ஸ் வண்ணுக்கும், 2018இல் சுவிட்சுக்கும் போனது. 2019 ஏப்ரலுக்குள் 45 இலட்சம் பிரதிகளைத் தாண்டியது. 2020இல் போலந்து அரசு அதைப் பாடசாலை மாணவருக்கான வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. போர்க் கேம் என்றால் சிப்பாய்தான் நாயகன் என்ற வழக்கத்தை இடிந்த வீட்டுக்குள் இருந்த சனத்தின் பக்கமிருந்து உடைத்தார்கள். இந்தக் கதையைச் சொல்ல எங்களைவிடத் தகுதியானவர்கள் யார் என்று அதை விளையாடும்போது மனம் கிடந்து தவிக்கும்.

உங்கள் ஊர்ப் பேச்சை மாற்றவேண்டாம். 2014இல் வந்த 'நெவர் எலோன்' அலாஸ்காவின் இனூப்பியாட் மக்களின் கதை. அவர்களின் மூத்தோரோடு சேர்ந்து செய்தார்கள். கதை முழுவதும் அவர்களின் மொழியிலேயே ஒலிக்கும், கீழே எழுத்து ஓடும். அப்படியே பிளேஸ்டேசன் 4, எக்ஸ்பொக்ஸ் வண், கணினி மூன்றிலும் வந்தது. உங்கள் கேமில் தகப்பன் நெடுங்கேணித் தகப்பனாகவே கதைக்கட்டும். யானைவெடியை எப்போது கொளுத்துவது, எப்போது பொறுத்திருப்பது என்று மகளுக்குச் சொல்கிற இடத்தை ஊரில் காவலிருந்த ஒருவரின் குரலிலேயே பதியுங்கள். எங்கள் நாட்டில் இந்தப் போராட்டத்தில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் யானைகளும் நூற்றுக்கு மேற்பட்ட மனிதரும் சாகிறார்கள். யானை வில்லன் இல்லை, தகப்பனும் வில்லன் இல்லை என்று ஒரு கேம் சொல்வதற்கு இங்கே காரணம் இருக்கிறது.

தமிழ் எழுத்தை இப்போதே சோதித்துவிடுங்கள். யூனிட்டி மென்பொருளில் பெரும்பாலோர் பாவிக்கும் டெக்ஸ்ட் மெஷ் புரோ, நம் எழுத்துகளைச் சரியாகக் கோர்ப்பதில்லை. 'கொட்டில்' என்று தட்டினால் கொம்பு 'க'வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். கோடோ மென்பொருளின் நான்காம் பதிப்பில் அந்தச் சிக்கல் இல்லை, காசும் இல்லை. ஆனால் கோடோவில் செய்ததை நேரடியாகக் கொன்சோலுக்கு ஏற்ற முடியாது. அந்த வேலையைச் செய்து தரும் நிறுவனங்களுக்குக் காசு கொடுக்க வேண்டும். எதை எடுத்தாலும் ஒரு செலவு உண்டு. உங்கள் இடத்தில் நான் இருந்தால் கோடோவை எடுப்பேன், கொன்சோல் செலவைப் பின்னால் பார்ப்பேன்.

கொன்சோலுக்குப் போவதென்றால் கேம் ஓடினால் மட்டும் போதாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் சோதனையில் தேறச் சொல்லும். விளையாடும்போது கட்டுப்படுத்தியின் பற்றரி இறங்கினால் கேம் நின்று அறிவிப்புக் காட்ட வேண்டும். கருவியைத் தூங்கவைத்து எழுப்பினால் விட்ட இடத்தில் இருக்க வேண்டும். பிளேஸ்டேசன் பதிப்பில் எக்ஸ்பொக்ஸ் பொத்தானின் படம் ஒரு மூலையில் தெரிந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தனியாக இருக்கும் ஒருவருக்கு இது மாதக்கணக்கான வேலை. அதனால் கணினியில் தொடங்குங்கள். ஸ்டீம் இணையக் கடையில் ஒரு கேமுக்கு 100 டொலர் கட்ட வேண்டும். விற்பனை 1,000 டொலரைத் தாண்டினால் அது திரும்பி வரும். விற்பனையில் 30 வீதம் அவர்கள் எடுப்பார்கள். ஆண்டுக்கு மூன்று முறை அங்கே டெமோக்களுக்கென்று 'நெக்ஸ்ட் ஃபெஸ்ட்' நடக்கும். ஒரு கேம் ஒருமுறைதான் அதில் கலந்துகொள்ளலாம் என்பதால் அவசரப்பட்டு அந்த வாய்ப்பைச் செலவழிக்காதீர்கள். ஓர் இரவு, ஒரு வயல், இருபது நிமிடம். அது முழுமையாக இருந்தால் போதும்.

பிளேஸ்டேசன் கணக்குப் பற்றி நீங்கள் சொல்வது சரி. இலங்கை அவர்களின் இணையச் சேவைப் பட்டியலில் இல்லாத நாடு. 2024 மே மாதம் 'ஹெல்டைவர்ஸ் 2' கேமைக் கணினியில் விளையாடுவோரும் பிளேஸ்டேசன் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்று சோனி சொன்னபோது, அந்தச் சேவை இல்லாத 170க்கும் மேற்பட்ட நாடுகளில் விற்பனையே நின்றது. எங்கள் நாடும் அதில் ஒன்று. எதிர்ப்புக் கிளம்பி சோனி அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டது. ஆனால் வாங்குபவருக்குள்ள தடையையும் விற்பவரின் வழியையும் ஒன்றாக நினைக்கவேண்டாம். கொன்சோலுக்குப் போகும் சிறு குழுக்களில் பல ஒரு வெளியீட்டாளர் மூலமே போகின்றன. சோதனைக் கருவி, பரீட்சை, வயது மதிப்பீடு எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்வார். புனேயின் நோடிங் ஹெட்ஸ் குழு செய்த 'ராஜி' 2017இல் கிக்ஸ்டார்ட்டரில் கேட்ட தொகையைச் சேர்க்க முடியாமல் தோற்றது. பிறகு வேறு முதலீடும் வெளியீட்டாளரும் கிடைத்து 2020 ஓகஸ்டில் முதலில் சுவிட்சிலும், ஒக்டோபரில் மற்றக் கருவிகளிலும் வந்தது.

டெமோவைப் பார்த்து வெளியீட்டாளர் ஒருவர் எழுதினால், சந்தோசத்தில் உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். "எல்லாக் கருவிகளுக்கும், எல்லாக் காலத்துக்கும்" என்று ஒரு வரி இருந்தால் அதைப் பிரிக்கச் சொல்லுங்கள். கணினி தனியாக, ஒவ்வொரு கொன்சோலும் தனியாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு காலக்கெடு. அதற்குள் அவர் அந்தக் கருவியில் வெளியிடாவிட்டால் அந்த உரிமை உங்களிடம் திரும்ப வேண்டும். அவர் போட்ட காசு கழிந்த பிறகு உங்கள் பங்கு எத்தனை வீதம் என்பதும், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்டுவார் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். மச்சாள் கனடாவில் இருப்பதால், அங்கே இந்தத் துறை தெரிந்த ஒரு சட்டத்தரணியிடம் ஒப்பந்தத்தை ஒருமுறை வாசிக்கக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தச் செலவை மட்டும் மிச்சம் பிடிக்கவேண்டாம்.