மனநல மருத்துவமும் மக்கள் பண்பாடும்

மனநோய்க்குச் சிகிச்சை உண்டு. எனினும், நோயுற்றோருள் பெரும்பாலோரை அது சென்றடைவதில்லை. 2015-16-இல் 12 மாநிலங்களில் நடைபெற்ற தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினர் மனநலக் குறைபாடுகளுக்கு உட்பட்டிருந்தனர். இவர்களுள் மிகப் பலர் சிகிச்சை பெறவில்லை. மருத்துவர் பற்றாக்குறை இதற்கு ஒரு காரணம். மருத்துவம் அளிக்கப்படும் முறை மக்களின் வாழ்க்கை முறையோடு ஒட்டாதிருப்பது மற்றொரு காரணம். இவ்விடைவெளியைக் குறைக்க நம் நாட்டில் மேற்கொள்ளப்பட்ட மூன்று முயற்சிகள் கருதத்தக்கவை.

குடும்பத்தின் பங்கு

ஆங்கிலேயர் காலத்து மனநோய் மருத்துவமனைகள், நோயாளியைக் குடும்பத்தினின்றும் பிரித்து மதில்களுக்குள் அடைத்தன. 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் இம்முறையை மாற்றினார். வளாகத்தில் கூடாரங்கள் அமைத்து, உறவினரை நோயாளியுடன் தங்கச் செய்தார். அவர்கள் நோயின் தன்மையை நேரில் அறிந்தனர். பராமரிக்கும் முறையைக் கற்றனர். நோயாளி வீடு திரும்பவும் வழி பிறந்தது. 1957-இல் தொடங்கப்பெற்ற வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பத்தினர் உடன் தங்கும் முறையைப் பின்பற்றியது.

அறிந்த மொழியில் ஆலோசனை

மனச்சோர்வுற்றோர் பலர், தூக்கமின்மை, உடல்வலி, களைப்பு என்றே தம் துன்பத்தைச் சொல்கின்றனர். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இத்தகையோருக்கு ஆலோசனை கூற, மனநல மருத்துவப் பட்டம் பெறாத உள்ளூர் மக்கள் பயிற்றுவிக்கப்பெற்றனர். நோயாளி கைவிட்டுவிட்ட அன்றாடச் செயல்களைச் சிறிது சிறிதாக மீண்டும் தொடங்கத் துணைசெய்வதே இவ்வாலோசனையின் சாரம். வழக்கமான சிகிச்சையை மட்டும் பெற்றவர்களைக் காட்டிலும், இதனையும் சேர்த்துப் பெற்றவர்கள் கூடுதலாக நலமடைந்தனர் என்பது 2016-இல் வெளிவந்த ஆய்வு முடிவு.

வழிபாட்டிடமும் மருத்துவமும்

பண்பாடு என்னும் பெயரால் கொடுமையை ஏற்க இயலாது. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டனர். மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றிலும் தடைசெய்துள்ளது.

ஆயினும், தடை மட்டுமே தீர்வாகாது. நம்பிக்கையோடு வருவோரை மருத்துவத்திற்கு அழைத்துவரவும் வேண்டும். குஜராத் மாநிலம் உனாவாவிலுள்ள மீரா தாதர் தர்காவில் 'மருந்தும் பிரார்த்தனையும்' என்னும் திட்டம் இதற்கு வழிகாட்டியது. பிரார்த்தனை செய்துவைக்கும் முஜாவர்கள் நோய்க்குறிகளை அறியப் பயிற்சி பெற்று, தர்கா வளாகத்திலேயே மருத்துவரிடம் அனுப்பினர். தொழுகையைக் கைவிடுமாறு எவரும் கோரப்படவில்லை.

படிப்பினை

குடும்பப் பிணைப்பு, தாய்மொழி, நம்பிக்கைக்குரிய உள்ளூர்ப் பெரியோர் ஆகியவை வரவு-செலவுத் திட்டத்தில் இடம்பெறாத மூலதனங்கள். 1982-இல் வகுக்கப்பட்ட தேசிய மனநலத் திட்டமும் சமுதாயத்தின் பங்கேற்பை வலியுறுத்தியது. எனினும், இம்மூலதனம் மருத்துவர்க்கும் மருந்துக்கும் மாற்றாகாது. அவற்றை மக்களிடம் கொண்டுசேர்க்கும் பாதையே ஆகும். குடும்பத்தின் மீது சுமையை ஏற்றிவிட்டு அரசு விலகிக்கொள்வதற்கு அது காரணமாகிவிடலாகாது. நோயாளியின் உரிமையை எல்லையாகவும், மக்களின் பண்பாட்டைத் துணையாகவும் கொண்டு மாவட்ட மனநலத் திட்டங்களை வகுத்தல் அதிகாரிகளின் கடமையாகும்.