பேழை தேடல்: தொடக்கத்தார்க்குச் சில பாடங்கள்

ஒருவர் ஒரு சிறு பேழையை ஓரிடத்தில் மறைத்து வைக்கின்றார். அவ்விடத்தை அடைதற்குரிய குறிப்பை எழுதி வெளியிடுகின்றார். முன்பின் அறியாத மற்றொருவர் அக்குறிப்பைக் கொண்டு தேடிச் சென்று, பேழையைக் கண்டு, அதனுள் இருக்கும் ஏட்டில் தம் பெயரையும் நாளையும் பதிந்து, இருந்தது இருந்தவாறே வைத்துவிட்டு மீள்கின்றார். பேழை தேடல் என்று நாம் இங்குக் கூறும் பொழுதுபோக்கு இவ்வளவே.

கேட்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டுப் போலத் தோன்றினும், தேசப்படம் பார்த்தல், திசையறிதல், தூரங் கணித்தல், ஊர் வரலாற்றை ஆராய்தல் ஆகிய நால்வகைப் பயிற்சியும் இதனுள் அடங்கியுள்ளன. இதனை நம் திருகோணமலைப் பகுதியில் எவ்வாறு பயிலலாம், எவ்வாறு பயிலலாகாது என்னும் இரண்டையும் மாணவர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்விரண்டனுள் பின்னையதே முதன்மையானது என்பதை வாசகர் போகப்போக உணர்வர்.

தோற்றமும் வளர்ச்சியும்

இப்பொழுதுபோக்கில் இரு கிளைகள் உண்டு. மூத்தது லெற்றர்பொக்சிங் எனப்படும் மடற்பேழை தேடல். இங்கிலாந்தின் தென்மேற்கில் டாட்மூர் என்னும் பரந்த சதுப்புநில மேடு உள்ளது. அங்கு வழிகாட்டியாகத் தொழில்புரிந்த ஜேம்ஸ் பெரட் என்பவர் 1854ஆம் ஆண்டில் கிரான்மியர் குளம் என்னும் எளிதிற் சென்றடைய முடியாத இடத்தில் ஒரு போத்தலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து சென்றோர் தம் பெயர்ச்சீட்டை அதனுள் இட்டு வந்தனர். நாளடைவில் போத்தலின் இடத்தைப் பெட்டியும், சீட்டின் இடத்தை வருகையேடும் பெற்றன. இறப்பர் முத்திரையும் சேர்ந்தது. தேடுவோர் பேழையிலுள்ள முத்திரையைத் தம் ஏட்டிலும், தம் சொந்த முத்திரையைப் பேழையின் ஏட்டிலும் பதித்தல் இன்றுவரை நிலைத்த வழக்கமாகும். 1998ஆம் ஆண்டில் அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் வந்த கட்டுரையால் அந்நாட்டிலும் இது பரவியது.

இளைய கிளை ஜியோகாஷிங் எனப்படும் ஆள்கூற்றுப் பேழை தேடல். இது பிறந்த நாளைத் திட்டமாகக் கூறலாம். செய்மதிகள் வழியே இடமறியும் ஏற்பாட்டை அமைத்த ஐக்கிய அமெரிக்க நாடு, பொதுமக்களுக்குக் கிடைக்கும் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வந்தது. அப்பிழை 2000 மே மாதம் 2ஆம் நாள் நீக்கப்பட்டது. ஏறக்குறைய நூறு மீற்றர் தடுமாறிய கருவிகள் அன்று முதல் இருபது மீற்றருக்குட்பட்ட திருத்தத்துடன் இடங்காட்டலாயின. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஒறிகன் மாநிலத்தில் ஒரு வாளியைக் காட்டோரத்தில் வைத்து, அதன் ஆள்கூறுகளை உலகறியச் செய்தார். மூன்று நாளில் மற்றொருவர் அதனைக் கண்டெடுத்தார். இன்று இவ்வகைப் பேழைகள் உலகெங்கும் இலட்சக்கணக்கில் உள்ளன.

இடமறியும் முறை

ஆள்கூறு என்பது யாது? புவியின்மீது ஓரிடத்தின் முகவரி, அகலக்கோடு நெடுங்கோடு என்னும் இரண்டினாற் குறிக்கப்படும். கோணமலையின் முனை ஏறத்தாழ வடக்கு 8 பாகை 35 கலையிலும் கிழக்கு 81 பாகை 15 கலையிலும் அமைந்துள்ளது. ஒரு பாகைக்கு 60 கலை. அகலக்கோட்டில் ஒரு கலை என்பது ஒரு கடல்மைல். அதாவது ஏறக்குறைய 1,852 மீற்றர். பேழை தேடுவோர் கலையை மூன்று தசமதானம் வரை எழுதுவர். ஒரு கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு இரண்டு மீற்றரிலுங் குறைவாதலின், ஒரு மரத்தடியையே எண்களாற் சுட்டிவிடலாம். எண் ஒன்று பிழைத்தால் என்னாகும் என்பதும் இதனால் விளங்கும். கலையின் முதலாந் தசமதானத்தில் ஒன்று தவறினால் 185 மீற்றர் விலகி நிற்போம். நம் ஊரில் அது நிலத்தைவிட்டுக் கடலில் நிற்பதாகவும் முடியலாம்.

செய்மதிகள் ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுழன்றுகொண்டு, தாம் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் இடையறாது ஒலிபரப்புகின்றன. வானொலி அலை செக்கனுக்கு 3 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். சமிக்ஞை புறப்பட்ட நேரத்துக்கும் வந்தடைந்த நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து கருவி தூரத்தைக் கணிக்கின்றது. ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் 300 மீற்றர் தவறிவிடும். கருவியிலுள்ள கடிகாரத்தின் பிழையையும் ஒருங்கே தீர்க்கவேண்டியிருத்தலால், குறைந்தது நான்கு செய்மதிகளின் சமிக்ஞை தேவைப்படுகின்றது. இக்காலக் கைத்தொலைபேசி திறந்த வெளியில் ஐந்து மீற்றர் அளவிற்குச் சரியாகக் காட்டும்; அடர்ந்த மரநிழலிலும் பாறைச் சுவரருகிலும் தடுமாறும். ஆதலால் கருவி நம்மைப் பேழைக்கு அண்மையிற் கொண்டுசென்று விடுமேயன்றிக் கையில் எடுத்துத் தராது. எஞ்சிய சில மீற்றர் கண்ணுக்கும் அறிவுக்கும் உரியவை.

மடற்பேழை தேடுவோர்க்கோ செய்மதி வேண்டுவதில்லை. திசையறிகருவியும் தம் காலடியுமே போதும். பயில்வோர் முதற்கண் நூறு மீற்றர் தூரத்தை அளந்து, அதனைப் பலமுறை நடந்து, தம் எட்டு எத்தனை என்று எண்ணி வைத்துக்கொள்ளல் வேண்டும். திசையில் 5 பாகை தவறினால் நூறு மீற்றர் முடிவில் ஏறக்குறைய 9 மீற்றர் விலகுவோம். இதனை மனங்கொண்டு, நீண்ட வழியைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றன் முடிவிலும் அசையாத ஓர் அடையாளத்தைக் குறித்துக்கொள்ளுதல் நன்று.

பேழையும் குறிப்பும்

பேழை, நீர் புகாத மூடியுடைய ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டியாய் இருத்தல் நலம். உள்ளே ஒரு சிற்றேடும் பென்சிலும் போதும். நம் வடகீழ்ப் பருவமழையில் பேனா மை கரைந்துவிடும். பென்சில் எழுத்துக் கரையாது. உணவுப்பொருளோ மணமுள்ள பொருளோ வைத்தல் கூடாது. எறும்பும் குரங்கும் நமக்கு முன்னே தேடிக் கண்டுவிடும். சிறு பரிசுப்பொருள் வைக்கும் வழக்கமும் உண்டு. ஒன்றை எடுத்தவர் அதற்கு நிகரான ஒன்றை வைத்தல் அதன் அறம்.

குறிப்பெழுதுதல் ஒரு நல்ல மொழிப்பயிற்சியாகும். கற்பனையாக ஒன்று காட்டுவோம். “கிணற்றடியில் நின்று கிழக்கு நோக்குக. வேம்புவரை 40 எட்டு. அங்கிருந்து தெற்கே மதில் திரும்பும் மூலை. கீழிருந்து மூன்றாங் கல்லின் நிழலைக் கேட்க.” இதில் மிகையான சொல்லில்லை, ஆயினும் இறுதி வரியில் தேடுவோன் சற்று நின்று சிந்திக்கவேண்டியிருக்கின்றது. தெளிவும் மறைவும் அளவறிந்து கலந்ததே நற்குறிப்பு.

செய்யத் தகாதவை

இனி முதன்மையான பகுதிக்கு வருவோம். டாட்மூர் மேட்டில் கல்லிடுக்கிலே ஒரு பெட்டி காணப்படின், காண்போர் முறுவலிப்பர். நம் மாவட்டத்திலோ மறைத்துவைத்த பெட்டி என்ற மாத்திரத்தே நெஞ்சம் துணுக்குறும். 2009 மே மாதம் வரை நீடித்த போரும், 2019 ஏப்பிரல் 21ஆம் நாள் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளும் இச்சொல்லுக்கு வேறு பொருளைத் தந்துவிட்டன. உரிமையாளரின்றிக் கிடக்கும் பொதியைத் தொடாதே, பொலிசுக்கு அறிவி என்று நாமே நம் பிள்ளைகளுக்குக் கற்பித்துள்ளோம். அக்கற்பித்தல் சரியானதே. ஒரு விளையாட்டின் பொருட்டு அதனைத் தளர்த்தல் தகாது. ஆகவே பின்வரும் விதிகள் நம்மூர்க்கு இன்றியமையாதன.

முதலாவது, நில உரிமையாளரின் இசைவின்றி எப்பேழையும் வைக்கலாகாது. பேழையின் வெளியே அது யாது, எவர் வைத்தது என்பது தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். பாடசாலை நூலகம், அறிந்தவர் வீட்டு முற்றம், இசைந்த கடைக்காரரின் மேசை என்பனவே தொடக்கத்தார்க்கு ஏற்ற இடங்கள்.

இரண்டாவது, கடற்படைத்தளத்தின் எல்லையிலும், படையினர் தங்கியுள்ள பிறெடெரிக் கோட்டையின் உள்ளும், பாலங்களின் கீழும், எண்ணெய்த் தாங்கிகளின் அருகும் எதனையும் வைத்தலுந் தேடுதலும் ஆகா. கோணேசர் ஆலயமும் ஏனைய வழிபாட்டிடங்களும் உப்புவெளிப் போர்க்கல்லறை நிலமும் விளையாட்டிற்குரியனவல்ல.

மூன்றாவது, நிலத்தைத் தோண்டுதல் எக்காரணத்தாலும் கூடாது. பேழை தேடல் வேறு. புதையல் தோண்டல் வேறு. பின்னையது 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். நம் பழஞ்சின்னங்கள் பலவற்றை அழித்த கொடுமையுமாம். மேலும், கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் காணியிலும், ஆள்நடமாட்டமற்ற பற்றைக்காட்டிலும் கால்வைத்தலே தவறு. நன்கு மிதிபட்ட பாதையை விட்டு விலகாதிருப்பதே நம் மாவட்டத்துக்குரிய பொன்விதி.

நான்காவது, உயிர்களுக்கு ஊறு செய்யலாகாது. கோட்டைப் புறத்திலும் நகரிலும் திரியும் புள்ளிமான்கள் நாம் எறியும் பொலித்தீனையும் தின்றுவிடுகின்றன. புறாத்தீவு 2003 முதல் தேசிய பூங்கா. அங்குள்ள பவளத் துண்டொன்றையேனும் எடுத்தல் குற்றமாகும்.

பேழையின்றித் தேடல்

விதிகள் இவ்வளவாயின் எஞ்சுவது யாது என்று மாணவர் வினவலாம். எஞ்சுவது மிகப் பெரிது. பேழையே இல்லாத தேடலும் இக்கலையில் உண்டு. ஓரிடத்துக்குச் சென்று, அங்குச் சென்றாலன்றி அறியமுடியாத ஒன்றைக் கண்டறிந்து வருதலே அதன் இலக்கணம். இடத்தின் நிலவியலைக் கற்பிக்கும் புவிப்பேழை என்னும் வகை 2004ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. நம்மூர்க்கு இதனினும் பொருத்தமானது வேறில்லை. மூன்று பயிற்சிகளை இங்குத் தருகின்றோம்.

ஒன்று, கன்னியா. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் தோற்றுவித்தான் என மரபு கூறும் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் ஒன்றையொன்று அடுத்தே உள்ளன. ஆயினும் வெம்மை ஒன்றுபோல் ஒன்றில்லை. வெப்பமானி ஒன்று கொண்டு சென்று ஏழினையும் அளந்து, ஏறுவரிசையில் எழுதி வருக. அருகருகே உள்ள ஊற்றுக்கள் வெம்மையில் வேறுபடுவதேன் என்பதற்குத் தம் கருத்தையும் எழுதுக.

இரண்டு, சுவாமி மலை. அங்குள்ள பழந்தூண் ஒன்றில் பிரான்சினா வான் றீட் என்னும் ஒல்லாந்தப் பெண்ணின் பெயரும் ஓர் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. அவ்வாண்டின் இலக்கங்களைக் கூட்டினால் 22 வருதல் வேண்டும். விடையை முன்னரே கூறிவிட்டோம். ஆண்டைக் கண்டுவருதலே மாணவர் வேலை. அப்பெண்ணைப்பற்றி ஊரார் கூறும் கதைக்கும் கல்லில் உள்ளதற்கும் இடையேயுள்ள வேறுபாட்டையுங் குறித்து வருக.

மூன்று, மூதூர். கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்ட ஆங்கிலக் கப்பலின் தலைவரும் அவர் மைந்தர் றொபேட் நொக்சும் 1660ஆம் ஆண்டிற் கண்டியரசனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டனர். தந்தையார் சிறையிலேயே இறந்தார். மைந்தர் 1679இல் தப்பிச் சென்று, 1681இல் இலங்கையைப்பற்றிய தம் நூலை இலண்டனில் வெளியிட்டார். அச்சம்பவத்தைக் குறிக்கும் நினைவுக்கல் மூதூரில் உண்டு. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின் தரைவழிப் பயணம் எளிதாயிற்று. கல் நாட்டப்பட்ட ஆண்டைக் கண்டறிந்து, அதிலிருந்து 1660ஐக் கழித்து வருக.

பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்

இம்மாவட்டத்தில் ஒரு தலைமுறை முழுவதும், குடாவின் மறுகரையைக் காணாமலே வளர்ந்தது. சோதனைச் சாவடியும் அனுமதிச் சீட்டும் தடுத்தமையால், நகரப்பிள்ளை மூதூரையும் மூதூர்ப்பிள்ளை கன்னியாவையும் புத்தகத்தில் மட்டுமே கண்டனர். வழிகள் இன்று திறந்துள்ளன. ஆனால் போகும் வழக்கம் இன்னும் மீளவில்லை. அவ்வழக்கத்தை மீட்க ஒரு காரணம் வேண்டும். அக்காரணத்தை இப்பொழுதுபோக்குத் தரும் என்பதே நம் துணிபு.

ஆதலால் நம் பழைய மாணவர்களை ஒன்று வேண்டுகின்றோம். உங்கள் வீட்டு முற்றத்திலோ கடையிலோ அலுவலகத்திலோ, அதிபரின் இசைவுடன், கல்லூரியின் பெயர் பொறித்த ஒரு பேழைக்கு இடந்தருக. ஊர்ப்பெயரின் காரணம், கிணற்றின் வயது, பழைய படகுத்துறை இருந்த இடம் போன்று நீங்கள் மட்டும் அறிந்த ஒரு செய்தியை ஒரு தாளில் எழுதி அதனுள் இடுக. கிண்ணியாவில் ஒன்று, மூதூரில் ஒன்று, நிலாவெளியில் ஒன்று, சம்பூரில் ஒன்று என அமையுமாயின், மாணவர் ஆசிரியர் துணையுடன் குழுவாகச் சென்று அவற்றைத் தேடிவருவர். வாயிலைத் தட்டி, வணக்கமோ சலாமோ கூறி, தாம் வந்த காரியத்தைச் சொல்லி, ஒரு மிடறு தண்ணீர் வாங்கிக் குடித்து மீள்வர். ஏட்டில் பதியும் பெயர்கள் தமிழிலும் சிங்களத்திலும் அமைந்து, அடுத்து வருவோனுக்கு முன்வந்தோனை அறிமுகம் செய்யும். இவ்வாறு மூடிய பெட்டியொன்றை நம் பிள்ளைகள் அச்சமின்றித் திறக்கும் நாள் வருமாயின், அதுவே இவ்விளையாட்டின் பெரும் பரிசாகும்.