ஒரு முனையத்திலிருந்து பல வழங்கிகளை ஆளுதல்

மட்டக்களப்பு நாட்டிற் போடியார் என்னுஞ் சொல்லை அறியாதார் இலர். பல வட்டைகளில் வயலுடைய போடியார் ஒவ்வொரு வரம்பிலும் தாமே சென்று நிற்பதில்லை. முல்லைக்காரருக்கு அவர் சொல்லியனுப்பும் ஒரு சொல், பல வயல்களிற் செயலாகும். இன்றைய கணனித் தொழிலிலும் இத்தகைய ஆட்சிமுறை ஒன்றுண்டு. நம் கல்லூரி மாணவர் பலர் இத்துறையை நாடுகின்றனராதலின், அதன் இயல்பினை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

பிற கணனிகள் வேண்டுந் தரவுகளை இடையறாது வழங்குங் கணனி வழங்கி எனப்படும். எழுத்தாற் கட்டளையிட்டு விடைபெறுதற்குரிய இடம் முனையம் எனப்படும். வழங்கிகள் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் இருக்கலாம். அவற்றை ஆள்பவர் கல்லடியில் இருக்கலாம். இடையே செல்லுங் கட்டளையைப் பிறர் களவாடாது காத்தல் எங்ஙனம் என்பதே முதல் வினா.

முன்னாளிற் கடவுச்சொற்கள் மறைப்பின்றியே வலையமைப்பிற் சென்றன. 1995 ஆம் ஆண்டிற் பின்லாந்தின் எல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் அவை களவாடப்பட்டன. அதன் விளைவாக, அங்கு ஆய்வாளராயிருந்த தாத்து யுலோனன் என்பார் எஸ்.எஸ்.எச். என்னுங் காப்புமுறையை ஆக்கினார். அம்முறையில் இரு திறவுகோல்களைப் பயன்படுத்தலாம். பொதுத் திறவுகோல் ஒவ்வொரு வழங்கியிலும் வைக்கப்படும். மறைதிறவுகோல் ஆள்பவரின் கணனியை விட்டு நீங்காது. வழியிற் செல்வன யாவும் மறைகுறியாக்கப்பட்டே செல்லும்.

வழங்கி ஒன்றிரண்டாயின் ஒவ்வொன்றாய் உட்புகலாம். நூறாயின் யாது செய்வது? இதற்கென எழுந்த கருவிகளுள் ஒன்று, 2012 இல் மைக்கல் டீகான் வெளியிட்ட அன்சிபிள். இதற்கு வேண்டுவன இரு கோப்புகள். ஒன்று, வழங்கிகளின் பெயர்களைக் குழுக்குழுவாய் வகுத்த பட்டியல். மற்றையது, அவை எந்நிலையில் இருத்தல் வேண்டும் என்னும் விவரணம். கருவி எஸ்.எஸ்.எச். வழியே, வேறு கூறாவிடின் ஐந்தைந்தாக, வழங்கிகளை அடைந்து, வேண்டிய நிலையில் உள்ளதை அவ்வாறே விட்டு, மாறுபட்டதை மட்டுந் திருத்தும். முறையாக எழுதிய விவரணத்தை இருமுறை ஏவினும் கேடு விளையாமைக்கு இதுவே காரணம்.

ஆயினும் ஒரு சொல் நூறிடத்து நன்மை செய்யுமாயின், ஒரு பிழையும் நூறிடத்துத் தீமை செய்யும். 2017 பெப்ரவரி 28 அன்று, அமெரிக்காவின் வர்ஜீனியாவிலுள்ள அமேசான் நிறுவனத்தின் எஸ் 3 என்னுஞ் சேமிப்புச் சேவையில், சில வழங்கிகளை மட்டும் நீக்கக் கருதி இட்ட கட்டளையில் ஓர் உள்ளீடு பிழைபட்டது. கருதியதினும் மிகுதியானவை நீங்கின. சேவை முற்றும் மீளுதற்கு நான்கு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அச்சேவையை நம்பியிருந்த எண்ணிறந்த இணையத்தளங்கள் முடங்கின. பின்னர் அந்நிறுவனத்தார் தம் கருவியையே திருத்தினர்: நீக்கம் மெல்ல நிகழவும், வேண்டிய குறைந்த அளவுக்குக் கீழ்ச் செல்லின் தடைப்படவும் வழிசெய்தனர்.

இதனால் மாணவர் கொள்ளத்தக்கன நான்கு. கட்டளை எப்பட்டியலுக்குச் செல்கின்றது என்பதை வாய்விட்டுப் படித்தல் வேண்டும். எதையும் மாற்றாது விளைவை மட்டுங் காட்டும் ஒத்திகை முறையில் முதற்கண் ஏவுதல் வேண்டும். அடுத்து ஒரே வழங்கியில் நடத்தி, அது நலமெனக் கண்டபின்னரே சிலவற்றுக்கும், ஈற்றில் யாவற்றுக்கும் விரித்தல் வேண்டும். மறைதிறவுகோலை நண்பர்க்கும் ஈதல் கூடாது.

இதனைப் பயிலப் பெரும்பொருள் வேண்டா. பழைய கணனிகள் இரண்டும், அவற்றை இணைக்கும் ஒரு கம்பியும், பொறுமையும் போதும். ஆற்றல் பெருகுந்தோறும் அடக்கமும் பெருகுதல் வேண்டும் என்பதை இளைஞர் உளங்கொள்வாராக.