மருந்தின் விலையும் மனிதனின் உரிமையும்

முன்னுரை

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. அதன் நிறைவில் வள்ளுவர், மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர் ஆகிய நான்கையும் கொண்டது என்கிறார். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் அந்நான்கையும் விரல்விட்டு எண்ணச் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது. இக்காலத்தில் அவ்வரிசையில் ஐந்தாமவர் ஒருவரும் நிற்கிறார். அவர்தாம் மருந்தின் காப்புரிமையாளர்.

அவரை நான் அறிந்துகொண்டது என் மாமாவால். குளுவாங்கில் லாரி ஓட்டுநரான அவருக்கு ஹெபடைடிஸ் சி எனும் கல்லீரல் நோய். நான் தொடக்கப்பள்ளியில் படித்த காலத்தில் வாரம் ஓர் ஊசி போட்டுக்கொள்வார். அன்றிரவெல்லாம் காய்ச்சலில் நடுங்குவார். தாங்க முடியாமல் பாதியிலேயே நிறுத்திவிட்டார். "புது மாத்திரை வந்திருக்காம். வீட்ட வித்தாலும் பத்தாதாம்," என்று அத்தை அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. ஒரு மாத்திரை ஏன் வீட்டைவிட விலை கூடியது? அக்கேள்விக்கான விடையே இக்கட்டுரை.

காப்புரிமை என்றால் என்ன?

தேசிய இடைநிலைப்பள்ளியில் 'ஹார்த்தா இந்தலெக்' என மலாய்மொழியில் நான் கற்றதைத் தமிழில் அறிவுசார் சொத்து என்கிறோம். அதன் ஒரு பிரிவு காப்புரிமை. புதியதொன்றைக் கண்டுபிடித்தவர், விண்ணப்பித்த நாள்முதல் 20 ஆண்டுகளுக்குப் பிறர் அதைச் செய்யவோ விற்கவோ தடுக்கலாம். போட்டி இல்லாதபோது விலையை உரிமையாளரே முடிவு செய்கிறார்.

மாமாவுக்குத் தேவைப்பட்ட சோஃபோஸ்புவிர், அமெரிக்காவில் 2013 டிசம்பரில் அனுமதி பெற்றது. கிலியட் நிறுவனம் அங்கே 12 வாரச் சிகிச்சைக்கு வைத்த விலை 84,000 டாலர். அதாவது, ஒரு மாத்திரை 1,000 டாலர்!

ஒரே பிரிவில் இரு உரிமைகள்

1948ஆம் ஆண்டின் அனைத்துலக மனித உரிமைப் பிரகடனத்தைப் புரட்டினேன். 25ஆம் பிரிவு மருத்துவக் கவனிப்பையும் உள்ளடக்கிய வாழ்க்கைத்தர உரிமையைக் கூறுகிறது. 27ஆம் பிரிவோ வியப்பளித்தது. அறிவியல் முன்னேற்றத்தின் பயனில் அனைவருக்கும் பங்குண்டு என்பது அதன் முதற்பகுதி. படைத்தவரின் நலன் காக்கப்பட வேண்டும் என்பது இரண்டாம் பகுதி. ஆக, இப்பூசல் வெளியிலிருந்து வந்ததன்று, பிரகடனத்துக்குள்ளேயே இருக்கிறது.

ஆயினும் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. ஐக்கிய நாடுகளின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான குழு 2005இல் இதைத் தெளிவுபடுத்தியது. மனித உரிமை மனிதனோடு பிறந்தது, விற்க இயலாது. காப்புரிமை அரசு வழங்குவது. விற்கலாம், வாங்கலாம், காலம் முடிந்தால் தீர்ந்துவிடும்.

நம் நாட்டில் இருமுறை

உலக வாணிப அமைப்பின் 2001ஆம் ஆண்டு டோஹா பிரகடனம், பொதுச் சுகாதாரத்தைக் காக்க நாடுகளுக்கு உரிமையுண்டு என உறுதி செய்தது. நம் நாட்டின் 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 84ஆம் பிரிவும் பொதுநலன் கருதி அரசாங்கம் ஒரு கண்டுபிடிப்பைப் பயன்படுத்த இடமளிக்கிறது. 2003இல் மலேசியா இதைக் கையாண்டு, எச்.ஐ.வி. மருந்துகளை இந்தியாவின் சிப்லா நிறுவனத்திடமிருந்து தருவித்தது. ஒரு நோயாளிக்கான சராசரி மாதச் செலவு 315 டாலரிலிருந்து 58 டாலராகக் குறைந்தது.

அடுத்தது சோஃபோஸ்புவிர். கிலியட் 2014இல் பல ஏழை நாடுகளுக்கு மலிவு விலை மருந்துக்கு வழிவிட்டபோது, நடுத்தர வருமான நாடான மலேசியாவைச் சேர்க்கவில்லை. நாட்டின் சராசரி வருமானம் மாமாவின் சம்பளத்தை எங்கே அறியும்? 2017 ஆகஸ்டில் அமைச்சரவை அரசாங்கப் பயன்பாட்டு உரிமத்துக்கு ஒப்புதல் தந்தது. அதே மாதத்தில் கிலியட்டும் மலேசியாவைத் தன் பட்டியலில் சேர்த்தது. ஆயினும் அரசாங்கம் பின்வாங்கவில்லை. செப்டம்பரில் இம்முடிவை அறிவித்தவர் அன்றைய சுகாதார அமைச்சர், நம் ஜோகூரின் சிகாமட் நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த டாக்டர் எஸ். சுப்ரமணியம். 2018இல் அரசு மருத்துவமனைகளில் இச்சிகிச்சை இலவசமாகத் தொடங்கியது.

தமிழகத்திலும் இத்தகைய வழக்கு நடந்தது. நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் கிளிவெக் என்ற இரத்தப் புற்றுநோய் மருந்துக்குச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் உரிமம் மறுத்தது. பழைய மருந்தின் புது வடிவம் நோயைத் தீர்ப்பதில் மேம்பட்டதென நிறுவப்படாவிடில் காப்புரிமை இல்லை என்பது இந்தியச் சட்டம். 2013 ஏப்ரல் 1இல் இந்திய உச்ச நீதிமன்றமும் அம்மறுப்பை உறுதி செய்தது.

மறுபக்கம்

அறிவியல் மாணவரான நான் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை சரியாக வருவதற்குள் எத்தனை முறை தோற்கிறோம்! வெற்றி பெறும் ஒரு மருந்தின் பின்னால் தோற்றுப்போன பல உள்ளன. இலாபமே இல்லையெனில் நாளைய மருந்துக்கு யார் முதலிடுவார்? ஒரு நாடு இவ்வுரிமத்தைக் கையாண்டால் வல்லரசுகளின் நெருக்கடியும் வரும். ஆகவே, இது அன்றாடம் எடுக்கும் ஆயுதமன்று.

எனினும், அரசாங்க உரிமம் பறிமுதல் ஆகாது. உரிமையாளருக்குப் போதிய ஈட்டுத்தொகை தரவேண்டும் என்பதும் சட்டமே. நகலகத்தில் பாடநூலை முழுதாக நகலெடுக்கும் நம் வழக்கத்திற்கு இதைச் சாக்காகக் கொள்ள இயலாது. அங்கே ஆசிரியருக்கு ஒரு காசும் போவதில்லை.

முடிவுரை

மாமா 2019இல் 12 வாரம் மாத்திரை உட்கொண்டார். இரத்தத்தில் கிருமி இல்லை எனச் சோதனை காட்டியது. இன்றும் லாரி ஓட்டுகிறார். இக்கட்டுரைக்காகப் படித்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். சற்று நேரம் யோசித்தவர், "சரிடா, அந்த மாத்திரைய கண்டுபிடிச்சவனுக்கும் காசு போவணும்ல?" என்று கேட்டார்.

உயிர் பிழைத்தவருக்கு அந்த நியாயம் தெரிகிறது. நோயாளியின் உயிருக்கும் நியாயம் வேண்டும் என்பதைக் காப்புரிமையாளரும் உணர்ந்தால் பூசல் பாதி தீரும். மீதிப் பாதிக்குத்தான் 84ஆம் பிரிவு. சட்டம் பயிலும் நண்பர்களே, அதைத் தெரிந்து வைத்திருங்கள். அறிவியல் பயிலும் நண்பர்களே, நாளை நீங்கள் ஒரு மருந்தைக் கண்டுபிடித்தால், குளுவாங் லாரி ஓட்டுநர் ஒருவர் அதன் விலையைக் கேட்பார் என்பதை மறவாதீர்கள்.