ஊசியிலிருந்து தொடங்கும் செலவு

திரிங்காப்பில் டர்ன்டேபிள் வைத்திருக்கும் இளைஞருக்கு,

வீட்டு ஒலியமைப்பை மேம்படுத்த நினைப்பவர், கையில் பணம் சேர்ந்ததும் முதலில் விசாரிப்பது ஆம்ப்ளிஃபையரை; இல்லையென்றால் பெரிய ஸ்பீக்கரை. இசைத்தட்டைப் பொறுத்தவரை இந்த வரிசை தலைகீழானது. தட்டின் வரிப்பள்ளத்தில் ஊசி எதை எடுக்கத் தவறியதோ, அதற்குப் பின்னால் வரும் எந்தக் கருவியும் அதைத் திருப்பித் தராது. ஊசி தவறாக எடுத்ததையோ அவை உரக்கச் சொல்லும். எல்லா ஊருக்கும் பொருந்தும் இந்த விதியுடன் மலேசியாவின் கேமரன் மலையில் ஈரமும் சேர்ந்துகொள்கிறது. பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகும் சாலையில், காய்கறித் தோட்டங்களுக்கும் தேயிலைச் சரிவுகளுக்கும் நடுவே இருக்கும் திரிங்காப்பில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாள்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் நிற்கும். ஆகவே இங்கே முதல் செலவு கருவிக் கடையில் அல்ல, அலமாரியில் தொடங்க வேண்டும்.

இசைத்தட்டு செய்யப்படும் வினைல் நீரை உறிஞ்சாது. பூஞ்சைக்கு அது உணவும் அல்ல. பூஞ்சைக்கு வேண்டியதெல்லாம் தட்டின் மேல் படிந்த விரல் எண்ணெயும் தூசியும், அதைச் சுற்றியிருக்கும் காகித உறையும்தான். உறையைத் திறந்ததும் பழைய புத்தக வாடை அடித்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. மீதிக்கு, தட்டை விளக்கொளியில் நேராகப் பார்க்காமல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். வெள்ளைப் புள்ளிகளும், அவற்றிலிருந்து நூல் நூலாகப் பிரிந்த கிளைகளும் வரிகளைக் குறுக்கே கடந்து போவது தெரியும். காதாலும் கண்டுபிடிக்கலாம். கீறல் விழுந்த தட்டு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை, அதாவது 1.8 நொடிக்கு ஒருமுறை, ஒரே சீராக 'டிக்' என்று அடிக்கும். பூஞ்சை பிடித்த தட்டு கணக்கில்லாமல் பொரியும். முன்னதற்கு மருந்து இல்லை. பின்னது பெரும்பாலும் கழுவினால் போகும்.

கழுவுவதற்குக் காய்ச்சி வடித்த நீர் வேண்டும். குழாய் நீர் காய்ந்தபின் உப்பை வரிக்குள் விட்டுப்போகும். வடிநீரில் சில துளி மென்மையான சோப்புத் திரவம் கலந்து, மென் தூரிகையால் வரியின் போக்கிலேயே வட்டமாகத் தேய்த்து, வெறும் வடிநீரால் மறுபடி அலச வேண்டும். நடுவிலுள்ள காகித லேபிள் நனையக் கூடாது. மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்தபின், பாத்திரத் தட்டு அடுக்கும் தாங்கியில் நிறுத்திக் காயவிடலாம். மஞ்சு இறங்கிய நாளில் அது காய நெடுநேரம் பிடிக்கும். அதற்காக வெயில் வந்ததும் வெளியே வைத்தால் தட்டு வளைந்துவிடும். வளைந்த தட்டை நிமிர்த்துவது கழுவுவதைவிடப் பெரிய பாடு. கழுவிய தட்டு மறுபடி பழைய காகித உறைக்குள் போகக் கூடாது. பூஞ்சை வித்து அங்கேதான் குடியிருக்கிறது. பாலிஎத்திலீன் உள்ளுறைகள் கட்டுக்கட்டாக மலிவாகக் கிடைக்கின்றன. மொத்த ஒலியமைப்பிலும் இந்த அளவுக்குப் பலன் தரும் வேறு செலவைச் சொல்வது கடினம்.

அலமாரி வெளிச்சுவரில் ஒட்டியிருக்கக் கூடாது. இரவில் குளிரும் சுவரில் ஈரம் வியர்க்கும். ஒரு கைப்பிடி இடைவெளி விட்டாலே நிலைமை மாறும். சிறிய ஈரமானி ஒன்றை உள்ளே வைத்துப் பார்க்க வேண்டும். புகைப்படக்காரர்கள் லென்சுக்கு வாங்கும் உலர்பெட்டியில் 40 முதல் 50 விழுக்காடு வரை ஈரத்தைப் பிடித்து வைக்கலாம். தட்டுகள் முழுவதற்கும் அது கட்டாது என்றாலும், மாற்று ஊசிகளுக்கும் அரிய தட்டுகள் சிலவற்றுக்கும் போதும். துணி அலமாரிக்குள் சின்னக் குண்டு பல்பு எரியவிடும் பழைய வழக்கத்தை இசைத்தட்டுகளிடம் காட்ட வேண்டாம்.

அடுத்தது டர்ன்டேபிள். தாத்தா வீட்டுப் பெட்டி பிளேயர் பரணிலிருந்து இறங்கியிருந்தால், அதில் இருப்பது கிரிஸ்டல் வகைக் கார்ட்ரிட்ஜ் ஆகவும் இருக்கலாம். அதன் உள்ளே மின்சாரம் உண்டாக்குவது ரோஷெல் உப்புப் படிகம். ஈரத்திலும் வெப்பத்திலும் அது கரைந்து கெட்டுப்போகும் இயல்புடையது. பிளேயர் சுற்றியும் சத்தம் வராததற்கு இது ஒரு வழக்கமான காரணம். பின்னால் வந்த செராமிக் வகை ஈரத்தைத் தாங்கும், ஆனால் தட்டின் மேல் கனமாக அழுந்தும். இன்று சூட்கேஸ் வடிவில் விற்கும் புதுப் பிளேயர்கள் பலவற்றிலும் இருப்பது அந்தச் செராமிக்தான். அவற்றுக்கு மேம்பாடு என்று எதுவும் கிடையாது. மாற்றுவது ஒன்றே வழி.

மலேசியாவில் பழைய கருவி தேடுபவர் கண்ணில் அதிகம் படுவது ஜப்பானியச் சரக்கு. ஈப்போ வரை இறங்கினால் நல்ல நிலையில் உள்ளவை அகப்படலாம். ஆனால் கருவியின் முதுகில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படிக்காமல் பணம் கொடுக்கக் கூடாது. ஜப்பான் மின்சாரம் 100 வோல்ட், மலேசியாவுடையது 230 வோல்ட். இடையே இறக்கு மின்மாற்றி இல்லாமல் செருகினால் அன்றே கதை முடிந்தது. மின்மாற்றி வைத்தாலும் இன்னொரு வம்பு மிஞ்சும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாக்கா அமெரிக்காவிலிருந்தும் மின்னாக்கிகளை வாங்கியதால், அந்த நாட்டின் கிழக்கே 50 ஹெர்ட்சும் மேற்கே 60 ஹெர்ட்சும் இன்றளவும் நீடிக்கின்றன. மின்மாற்றி வோல்ட்டை இறக்கும், ஹெர்ட்சை மாற்றாது. ஒசாக்காப் பக்கத்துப் பழைய பெல்ட் பிளேயரில் ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் இருந்தால், மலேசியாவின் 50 ஹெர்ட்சில் அது நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்குப் பதில் 27.8 சுற்றுதான் சுற்றும். 4 கட்டையில் பாடியவர் 2 கட்டைக்கும் சற்றுக் கீழே போய்விடுவார். மோட்டார் தண்டில் மாட்டும் 50 ஹெர்ட்ஸ் கப்பி கிடைத்தால் சரியாகும். 1979இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 போன்ற குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவ் பிளேயர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. வோல்ட்டை மட்டும் பார்த்தால் போதும்.

வேகத்தைச் சோதிக்க அச்சிட்ட கோட்டு வட்டு போதும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை துடிப்பதால், 33⅓ சுற்றுக்கு வட்டில் 180 கோடுகள் இருக்க வேண்டும். வேகம் சரியென்றால் கோடுகள் அசையாமல் நிற்கும். முன்னே ஓடினால் வேகம் அதிகம், பின்னே ஓடினால் குறைவு. எல்இடி விளக்குகள் பலவற்றில் இந்தத் துடிப்பு இருக்காது. பழைய குண்டு பல்பு ஒன்று வேண்டும். அமெரிக்க வட்டில் 216 கோடுகள் இருக்கும், அது 60 ஹெர்ட்சுக்கானது. வேகம் குறைந்தால் மோட்டாரைப் பழிக்குமுன் பெல்ட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நெடுநாள் நின்ற பிளேயரில் ரப்பர் பெல்ட் இளகிப் பிசுபிசுத்திருக்கும்.

பிளேயரை வைக்கும் இடமும் கருவியைச் சேர்ந்ததே. பழைய தோட்ட வீட்டின் பலகைத் தரையில் ஒருவர் நடந்தால் ஊசி துள்ளும். சுவர்க் கம்பத்தில் இரும்புத் தாங்கி அடித்து, அதன் மேல் கனமான பலகை போட்டால் அந்தத் துள்ளல் அடங்கும். சிமெண்டுத் தரை வீட்டில் திடமான மேசை போதும், சாலையோரம் காய்கறி லாரி போகும் அதிர்வு மட்டும் மிஞ்சும். ஸ்பீக்கரும் பிளேயரும் ஒரே மேசையில் இருப்பதை எந்த வீட்டிலும் ஏற்க முடியாது. நீர்மட்டத்தைப் பிளேயரின் சட்டத்தில் அல்ல, சுழலும் தட்டத்தின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும்.

இனி ஊசி. காந்த வகைக் கார்ட்ரிட்ஜ் ஒவ்வொன்றுக்கும் உற்பத்தியாளர் அழுத்த எடை சொல்லியிருப்பார். ஆடியோ-டெக்னிக்கா விஎம்95இ என்றால் 1.8 முதல் 2.2 கிராம், ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் என்றால் 1.8 கிராம். எடை குறைந்தால் தட்டுக்கு நல்லது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மை அதற்கு எதிர். குறைந்த எடையில் ஊசி வரிச்சுவரை விட்டு எழும்பி எழும்பி விழுகிறது, சுவர் அதனால்தான் சிதைகிறது. ஊசியைத் தாங்கும் கையின் பின்னெடையைத் திருகி, அந்தக் கை அந்தரத்தில் சமமாக நிற்கும் நிலையைச் சுழியம் என்று வைத்து, அங்கிருந்து எண்ணிக் கூட்ட வேண்டும். பிறகு சிறிய டிஜிட்டல் தராசில் சரிபார்க்கலாம். மலையில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஊசித்தண்டைத் தாங்கும் ரப்பர் குளிரில் விறைக்கும். விடியற்காலை 16, 17 பாகையில் தட்டு போட்டு 'ஸ', 'ச' ஒலிகள் சிதறினால், கார்ட்ரிட்ஜ் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. எடையை அனுமதித்த எல்லைக்குள் மேல்முனைக்குக் கொண்டுபோகலாம், அல்லது வெயில் ஏறும்வரை பொறுக்கலாம்.

கோணத்தைச் சரிசெய்ய, மையத்திலிருந்து ஏறத்தாழ 66, 121 மில்லிமீட்டரில் இரு புள்ளிகள் குறித்த அளவுத்தாள் உதவும். இரண்டு இடத்திலும் கார்ட்ரிட்ஜின் பக்கம் கோட்டுக்கு இணையாக நிற்க வேண்டும். பொறுமை கேட்கும் வேலை இது, காசு கேட்காது.

எல்பியின் வெளிவிளிம்பில் வரி ஊசியைக் கடக்கும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். லேபிளருகே 21 சென்டிமீட்டர். அதே ஓசையைப் பாதிக்கும் குறைந்த இடத்தில் நெருக்கி எழுதவேண்டி வருவதால், ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டில்தான் ஊசியின் தரம் வெளிப்படும். 1986இல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' போல வயலின் நிறைந்த தட்டில் இதை உடனே கேட்கலாம். கூம்பு ஊசி அங்கே தடுமாறும், நீள்வட்ட ஊசி ஓரளவு சமாளிக்கும், மைக்ரோலைனியர் ஊசி நெருக்கத்துக்குள்ளும் புகுந்து எடுக்கும். விஎம்95 வரிசையில் கார்ட்ரிட்ஜை மாற்றாமல் ஊசியை மட்டும் கழற்றி அடுத்த படிக்கு ஏறலாம் என்பது இளைஞர்களுக்கு வசதி. ஆடியோ-டெக்னிக்காவின் கணக்கில் கூம்புக்கு 500 மணி, நீள்வட்டத்துக்கு 300, மைக்ரோலைனியருக்கு 1,000 மணி நேரம் ஆயுள். விலையை மணிக்கணக்கால் வகுத்த பிறகே எது மலிவு என்று சொல்ல வேண்டும்.

காந்தக் கார்ட்ரிட்ஜ் தரும் மின்னழுத்தம் 5 மில்லிவோல்ட் அளவில்தான். அதை ஏறத்தாழ நூறு மடங்கு பெருக்கவும், தட்டு வெட்டும்போது குறைத்த கீழ்சுருதியையும் கூட்டிய மேல்சுருதியையும் 1954 முதல் நிலைத்த ஆர்ஐஏஏ அளவுப்படி பழையபடி ஆக்கவும் ஃபோனோ பகுதி வேண்டும். அது இல்லாமல் செருகினால் பாட்டு கொசு முணுமுணுப்பாக வரும். பிளேயரில் ஒன்றும் ஆம்ப்பில் ஒன்றும் என இரண்டும் ஓடினால் கரகரக்கும். தனிப்பெட்டி வாங்குபவர் மோனோ பொத்தான் உள்ளதைத் தேட வேண்டும். விஸ்வநாதன்–ராமமூர்த்தி காலத் திரைப்பாடல்கள் மோனோவில் பதிவானவை. அவற்றின் வரியில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது. மேலும் கீழுமான அசைவில் இருப்பது தூசியும் தேய்மானமும்தான். பொத்தானை அழுத்தினால் இரண்டாவது ரத்தாகி, பொரிச்சத்தத்தில் கணிசமான பங்கு மறையும். தமிழ்த் தட்டு சேர்ப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள பொத்தான் கிடையாது, ஆனாலும் இன்றைய ஆம்ப்களில் அதைக் காண்பது அரிது.

இவ்வளவும் ஆன பிறகே ஸ்பீக்கர். பழையது வாங்கும்போது கூம்பின் ஓரப்பட்டையை விரலால் மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும். நுரைப்பட்டை ஈரத்தில் பொடிந்து உதிரும், ரப்பர் பட்டை நிலைக்கும். ஆம்ப்பைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. 40 வாட்டிலிருந்து 60 வாட்டுக்குப் போனால் கூடுவது 2 டெசிபலுக்கும் குறைவு. காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு சக்தி வேண்டும். மதியத்துக்குப் பின் ஜிங்க் கூரையில் கொட்டும் மழையை எந்த ஆம்ப்பாலும் வெல்ல முடியாது. அந்த நேரத்தில் தட்டு கழுவலாம். பட்டுநூல் சுற்றிய விலையுயர்ந்த கேபிள் வெட்டிச் செலவு. ஆனால் டர்ன்டேபிளின் தரைக்கம்பியை ஆம்ப்பின் திருகில் கட்டாமல் விட்டால் ரீங்காரம் போகாது. பழைய முனைகளில் பச்சை பூத்திருந்தால் தொடுமுனைத் திரவம் பூசித் துடைக்க வேண்டும். இடி முழங்கத் தொடங்கியதும் பிளக்கைக் கழற்ற வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

78 சுற்றுத் தட்டுகள் தனி வகை. இந்தியாவில் அவை 1960களின் நடுவிலும் அச்சாகிக்கொண்டிருந்ததால், தோட்டத்து வீடுகளில் இன்னமும் தலைகாட்டுகின்றன. எல்பி ஊசி அவற்றின் அகன்ற வரியின் அடியில் உரசிக் கெடும், எனவே ஏறத்தாழ 3 மில் முனை ஆரமுள்ள தனி ஊசி வேண்டும். பிளேயரில் 78 வேகம் உண்டா என்பதையும் வாங்குமுன் கேட்க வேண்டும். அவை அரக்கால் ஆனவை. ஆல்கஹால் கலந்த திரவம் எதுவும் பட்டால் மேற்பரப்பே கரைந்துவிடும். வடிநீரும் மென்மையான துணியும் போதும், நெடுநேரம் நனையவிடக் கூடாது. கீழே விழுந்தால் வினைல் போலத் தப்பாது, உடையும். ஆகவே அலமாரியில் நெருக்கமாக நிறுத்தி, கனத்தைத் தாங்கும் அடித்தட்டில் வைக்க வேண்டும்.