கட்டளையா, பரிந்துரையா?

மதீனத்துத் தெருக்களில் பரீரா (ரலி) அவர்கள் நடந்து செல்கிறார்கள். பின்னால் முகீஸ் (ரலி) அவர்கள் அழுதுகொண்டே வருகிறார்கள். வழியும் கண்ணீரில் தாடி நனைகிறது. இந்தக் காட்சியை அறிவிப்பவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள். புகாரி ஷரீபில் இது பதிவாகியிருக்கிறது.

பரீரா (ரலி) அடிமையாக இருந்தவர்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களை விலைக்கு வாங்கி உரிமை விட்டார்கள். உரிமை கிடைத்ததும், அடிமையாக இருந்த காலத்து மணவாழ்வைத் தொடர்வதா விடுவதா என்று தாமே முடிவு செய்யும் உரிமையும் கிடைத்தது. அவர்கள் விட்டு விட்டார்கள். முகீஸின் நிலை கண்டு மனமிரங்கிய பெருமானார் (ஸல்) அவர்கள், அவரிடம் திரும்பிப் போகலாமே என்று எடுத்துக் கூறினார்கள். அதற்கு பரீரா (ரலி), இது தமக்கு இடப்படும் கட்டளையா என்று கேட்டார்கள். கட்டளை அல்ல, பரிந்துரைதான் என்று நாயகம் (ஸல்) கூறவே, அப்படியானால் தமக்கு அவர் வேண்டியதில்லை என்று சொல்லி விட்டார்கள். அந்த மறுப்புக்காகப் பெருமானார் அவர்களைக் கடிந்து கொண்டதாக ஹதீஸில் ஒரு சொல்லும் இல்லை.

மதரஸாக்களில் இந்த ஹதீஸ் மணவிலக்குப் பாடத்தில் ஓதப்படுகிறது. ஆனால் அந்த ஒரு கேள்வி, இன்று அலுவலகத்திலும் பள்ளிக்கூடத்திலும் ஜவுளிக் கடையிலும் வேலை பார்க்கும் நம் சகோதரிகளுக்கு மிகவும் தேவையான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. மேலே இருப்பவர் வாயிலிருந்து வருவதெல்லாம் கட்டளை என்று எண்ணித்தான் நம்மில் பலர் இல்லை என்று சொல்ல முடியாமல் தவிக்கிறோம்.

சம்பளம் வாங்குகிற வேலையைச் சரியாகச் செய்வது அமானத். அதில் குறை வைத்துவிட்டு 'நான் மறுத்து விட்டேன்' என்று பெருமை பேசக் கூடாது. இதை முதலில் சொல்லி விடுவதே நியாயம். ஆனால் அலுவலகத்தில் பெண் ஒருத்திதான் என்பதற்காக எல்லோருக்கும் தேநீர் ஊற்றித் தரச் சொல்வது வேலையா? ஒருவர் தம் வீட்டு விசேஷத்துக்கான கணக்கை எழுதித் தரச் சொல்வதும், இரவு பத்து மணிக்கு மேல் கைபேசியில் அழைத்து ஊர்க்கதை பேசுவதும், வண்டியில் கொண்டு போய் விடுகிறேன் என்று வற்புறுத்துவதும் கட்டளைகளா? இவை வெறும் வேண்டுகோள்கள். செய்தால் நம் தயவு, மறுத்தால் குற்றமில்லை. பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடு என்று மேலதிகாரியே சொன்னாலும் அதற்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை. படைத்தவனுக்கு மாறு செய்து படைப்புக்குக் கீழ்ப்படிதல் நம் மார்க்கத்தில் கிடையாது.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒருவர் சங்கத்தில் கடன் வாங்க ஜாமீன் கையெழுத்துக் கேட்டு வந்தார். எனக்கு மூத்தவர், தினமும் முகம் பார்க்க வேண்டியவர். 'நீங்களெல்லாம் தங்கமானவர்கள், மறுக்க மாட்டீர்கள்' என்றார். அந்தப் புகழ்ச்சியிலே நான் விழுந்து விட்டேன். ஜாமீன் நின்றவர் கடனுக்குப் பொறுப்பாளி என்பது ஷரீஅத்தின் சட்டம் என்று தெரிந்திருந்தும் கையெழுத்திட்டேன். அவர் கட்டத் தவறிய தவணை என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் அது. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அவர் கேட்டது பரிந்துரை. அதைக் கட்டளையாக்கிக் கொண்டவள் நான்தான்.

சரி, எப்படி மறுப்பது? மத்யன் நகரத்து நீர்த்துறையில் தங்கள் ஆடுகளைத் தடுத்து நிறுத்திக் கொண்டு நின்ற இரு பெண்களைப் பற்றிக் குர்ஆன் 28-ஆம் அத்தியாயத்தில் கூறுகிறது. மூஸா (அலை) விசாரித்தபோது அவர்கள் சொன்னது மிகக் கொஞ்சம். இடையர்கள் விலகும்வரை நாங்கள் நீர் புகட்டுவதில்லை. எங்கள் தந்தை வயோதிகர். அவ்வளவே. வேலைக்கு வந்தது ஏன், எதுவரை நெருங்குவோம் என்ற இரண்டும் அதிலேயே அடங்கி விட்டன. அழுகையும் இல்லை, நீண்ட சமாதானமும் இல்லை. நாமோ பத்துக் காரணம் சொல்கிறோம். கேட்பவர் ஒன்பதுக்குப் பதில் வைத்திருப்பார். 'இது என்னால் ஆகாது சார்' என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பதே நலம். குரலில் குழைவும் வேண்டாம், கடுமையும் வேண்டாம். லுஹர் தொழுகைக்குப் பத்து நிமிடம் கேட்பதானாலும் வேலைக்குச் சேரும்போதே சொல்லிவிட்டால் பிறகு ஒவ்வொரு நாளும் கெஞ்ச வேண்டியிராது.

மறுத்த பிறகும் ஒருவன் தொல்லை தந்தால்? தகாத பேச்சோ தொடுதலோ ஜாடையோ எதுவாயினும், அது பொறுமை காட்ட வேண்டிய இடமல்ல. 2013-ஆம் ஆண்டில் இந்திய அரசு இதற்கென்றே தனிச் சட்டம் கொண்டு வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் தலைவி அங்கேயே மூத்த பதவியில் உள்ள பெண்; உறுப்பினரில் குறைந்தது பாதிப்பேர் பெண்கள். அதைவிடச் சிறிய இடமானால் மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும்; தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம். ஆகவே தேதி, நேரம், அருகில் இருந்தவர் யார் என்பதை அன்றன்றே குறித்து வையுங்கள். புகார் கொடுத்தவரின் பெயரை வெளியிடவும் சட்டம் தடை செய்கிறது.

ஆயினும் சகோதரிகள் அஞ்சுவது பெரும்பாலும் அலுவலகத்தை அல்ல, வீட்டைத்தான். சொன்னால் 'யார் உன்னை வேலைக்குப் போகச் சொன்னது' என்று வாப்பாவோ கணவரோ கேட்பார்களே என்பதுதான் அவர்களுடைய வாயை அடைக்கிறது. குடும்பத்தைத் தாங்கும் சம்பளத்தை விட்டுவிடு என்று சொல்வது எனக்கு உடன்பாடல்ல. தவறு செய்தவன் நாற்காலியில் இருக்க, அவள் ஏன் வீட்டுக்குப் போக வேண்டும்?

மத்யன் முதியவரின் வீட்டைப் பாருங்கள். (அவருடைய பெயரைக் குர்ஆன் சொல்லவில்லை; ஷுஐப் (அலை) என்று பலரும் கூறுவர்.) நீர்த்துறைக்குப் போய் வந்த மகள்களில் ஒருத்தி, இந்த மனிதரை வேலைக்கு அமர்த்திக் கொள்ளுங்கள், வலிமையும் நம்பிக்கையும் உள்ளவர் என்று தந்தையிடம் யோசனை சொல்கிறாள். வெளியே போய் வந்தவள் என்று அவளை அவர் அடக்கவில்லை. அவள் சொன்னபடியே மூஸாவை வேலைக்கு அமர்த்த முன்வந்தார்.