காது கேளாதவர் ஆஸ்பத்திரிக்கு வந்தால்...

டோக்கன் எண்ணைக் கூவி அழைக்கும் இடங்களில், காது கேளாதவர் தன் முறை போனதே தெரியாமல் உட்கார்ந்திருப்பார். கவுன்டரில் இருப்பவர் அவர் முகத்தை நினைவில் வைத்து, முறை வந்ததும் அருகில் போய்க் கையசைத்துக் கூப்பிடலாம். எண் காட்டும் பலகை இருந்தால் இன்னும் நல்லது.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசாதீர்கள். உதடு தெரிய, முகம் பார்த்துப் பேசுங்கள். கத்த வேண்டாம், வாயசைவு கோணலாகிவிடும். உதட்டசைவை மட்டும் நம்பவும் கூடாது. ‘மாலை’, ‘பாலை’ இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசையும். மருந்து விஷயத்தில் இது ஆபத்து. ஆகவே எழுதிக் கொடுங்கள். சைகை மொழியிலேயே வளர்ந்த பலருக்கு நீண்ட தமிழ் வாக்கியம் சிரமம். மாத்திரை அட்டைமேல் சூரியன், நிலா வரைந்து, பக்கத்தில் 1 அல்லது 2 என்று போட்டால் சட்டென்று புரியும்.

பேச்சைத் தமிழ் எழுத்தாகக் காட்டும் கூகுளின் ‘லைவ் டிரான்ஸ்கிரைப்’ செயலி ஆண்ட்ராய்டு போனில் இலவசம். இரைச்சலில் தப்பு வரும். மருந்தின் பெயரையும் அளவையும் கட்டாயம் சரிபாருங்கள்.

கூட வந்தவரிடம் கேட்காமல் நோயாளியிடமே கேளுங்கள். அந்தரங்கமான நோய் பற்றிய பேச்சை மகனோ மகளோ மொழிபெயர்க்கும் நிலை பெற்றோருக்கு வரவே கூடாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் சைகை மொழியையும் தகவல்தொடர்பு முறையாக ஏற்கிறது. சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நிர்வாகத்திடம் எழுதிக் கேளுங்கள், தயங்காதீர்கள்.